உள்முடிச்சு

என் அக்காவைக் கேட்டால், நான் முப்பது வருஷமாகச் செய்வது தையலே இல்லை என்பாள். "நீ எங்கடி தைக்கற? ஓட்டற. பஸ் ஓட்டற மாதிரி." இனிமேல் அவளைக் கேட்க முடியாது. அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் அவள் சொன்னதற்கெல்லாம் நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சண்டை போட எதிராளி உயிரோடு இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

நான் பஞ்சுப் போர்வை தைப்பவள். கடைத்தெருவின் கோடியில், சாவி செய்கிறவருக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் என் கடை. உள்ளே பன்னிரண்டடி நீளத்துக்கு ஒரு மேசை. மேசையின் மேல் இரண்டு இரும்புக் கம்பிகள். அந்தக் கம்பிகளில் தலையை ஆட்டிக்கொண்டு போகவும் வரவுமாக ஓடும் என் மெஷின். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணியோடு வாடிக்கையாளர்கள் வருவார்கள். நான் அதற்கு அடியில் பஞ்சை விரித்து, பஞ்சுக்கு அடியில் ஒரு முழுத்துணியை வைத்து, மூன்று அடுக்கும் நழுவாதபடி வளைவு வளைவாகத் தைத்துக் கொடுப்பேன். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிக்கொண்டு போகலாம்.

அதே வேலைக்கு அக்காவுக்கு எட்டு மாதம் வேண்டும்.

அவள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மரச்சட்டம் இருந்தது. மூன்று அடுக்கையும் அதில் இழுத்துக் கட்டிவிட்டு, வலது கை மேலே, இடது கை துணிக்கு அடியில் என்று உட்காருவாள். மேலிருந்து இறங்கும் ஊசி, அடியில் காத்திருக்கும் விரலை லேசாகக் குத்த வேண்டும். குத்தினால்தான் அது மூன்று அடுக்கையும் தாண்டிவிட்டது என்று தெரியும். உடனே அந்த விரல் ஊசியை மேலே தள்ளிவிடும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு குத்து. ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல். இப்படியே குத்து வாங்கி வாங்கி அவளுடைய இடது ஆள்காட்டி விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி தடித்துப்போயிருந்தது. கொதிக்கிற டம்ளரை அந்த விரலால் தொட்டுப் பார்த்து, "ஆறிடுச்சு, குடி" என்று கொடுத்து வீட்டில் எல்லோருடைய நாக்கையும் சுட வைத்திருக்கிறாள்.

"போர்வைன்னா அதுல இருக்கற ஒவ்வொரு தையலையும் யாரோ ஒருத்தர் உணர்ந்திருக்கணும். உன் மெஷினுக்கு விரல் இருக்கா?" என்பாள்.

"குளிருக்குக் கண்ணு இருக்கா? கைத்தையலா மெஷின் தையலான்னு பார்த்துட்டா உள்ள வருது?" என்பேன்.

"உன் போர்வையில இருக்கற நூலைப் பாரு. கம்பி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. தொட்டா சுளீர்ங்குது."

"உன் போர்வைக்காகக் காத்திருந்தா மனுஷனே விறைச்சுடுவான்."

இருவரும் ஒரே தையல் வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்றவர்கள்தான். எனக்கு வேகம் பிடித்தது, அவளுக்கு நிதானம் பிடித்தது, அவ்வளவுதான். வருஷக்கணக்காக இந்தச் சண்டை யாருக்கும் காயம் படாமல் நடந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், வாரத்தில் ஒரு நாளாவது அவள் வாயால் திட்டு வாங்காவிட்டால் எனக்கு அந்த வாரம் முடிந்ததாகவே தோன்றாது.

காயம் பட்டது அவள் மகளின் கல்யாணத்தில். ஒரே மகள். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள். எனக்கு மட்டும் அவள் இன்னும் வாலுதான். அந்த வாலுக்காக மூன்று வாரம் வெளி வேலை எதையும் எடுக்காமல் ஒரு போர்வை தைத்தேன். கொடியும் இலையுமாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு இடத்தில்கூட நூல் பிசகாமல் தைத்தேன். கல்யாண வீட்டில் அதைப் பிரித்துக் காட்டியதும் எல்லோரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அக்காவும் வந்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. கடையில வாங்கின மாதிரியே இருக்கு" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் எப்போதும் போலத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அத்தனை பேர் நடுவில் மூக்கு உடைந்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உன்னை மாதிரி காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஜன்னலோரம் உட்கார எனக்கென்ன புருஷன் சம்பாதிச்சு வச்சுட்டா செத்தான்?"

அவள் கணவர் போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா போர்வையை இருந்த மடிப்பிலேயே மடித்து மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து இரண்டரை வருஷம் எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் ஆரம்பித்தது அவள்தானே என்று வீம்பு பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு வாலு போன் செய்தாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றாள். மருந்து ஏற்றுகிறார்கள் என்றாள். நான் போனேன், ஆனால் ஒரே ஒரு தடவைதான் போனேன். அக்கா கூடத்தில் அதே ஜன்னலோரம் ஒரு கட்டிலில் படுத்திருந்தாள். மரச்சட்டத்தைக் காணோம். கட்டியைக் கரைக்கக் கொடுத்த மருந்து அவளையும் பாதி கரைத்திருந்தது. இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், நான் இருந்த நேரம் முழுக்க வெளியே எடுக்கவேயில்லை. என் கையைப் பிடிக்க அவளுக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"மெஷின் நல்லா ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது."

"எண்ணெய் போடறியா?"

"போடறேன்."

"போடு. போடாம விட்டுடாதே."

இந்த நிலைமையிலும் குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் மழையைப் பற்றிப் பேசினோம். பக்கத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு வாரம் ஓடிவிட்டது. ஏழாவது வாரம் போனபோது அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் வாலு என் கடைக்கு வந்தாள். பள்ளிக்குப் போகிற வழி. தோளில் ஒரு பை, கையில் ஒரு மூட்டை. மூட்டையை மேசையின் மேல் வைத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு போர்வை, கருநீலமும் கடுகு மஞ்சளுமாக முக்கோண முக்கோணமாகச் சேர்த்தது, இரண்டு பேர் படுக்கிற அளவு.

"கல்யாணம் முடிஞ்ச வாரமே அம்மா இதை ஆரம்பிச்சாங்க. எனக்காக. நடுநடுவுல மாசக்கணக்கா எடுத்து வச்சுடுவாங்க, அதான் முடியல" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத்தான் ஆரம்பித்திருக்கிறாள், வேறென்ன. முக்கால்வாசி முடிந்திருந்தது. நடுவிலிருந்து வெளியே பரவும் அந்தத் தையலைப் பார்த்ததும் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. மணல் தூவியது மாதிரி அத்தனை சின்னத் தையல், அத்தனையும் ஒரே அளவு. கீழ்ப்பக்கம் கால்வாசி மட்டும் பாக்கி.

"மிச்சத்தை நீங்கதான் முடிச்சுக் குடுக்கணும் சித்தி. மெஷின்லயே போட்டுடுங்க."

"என்னது?"

"மெஷின்ல. அம்மாவே அப்படித்தான்..."

"உங்கம்மாவா? மெஷின்லயா? உனக்கு அவசரம்னா அவசரம்னு சொல்லு வாலு. செத்தவ வாயில வார்த்தையைத் திணிக்காதே. இதுல நான் மெஷினை வச்சேன்னா அவ எழுந்து வந்து என் காதைத் திருகுவா."

"இல்ல சித்தி, நிஜமாவே..."

"கையாலதான் முடிப்பேன். எத்தனை மாசம் ஆனாலும் சரி. உங்கம்மாவுக்கு மட்டும்தான் தைக்கத் தெரியும்னு நினைச்சியா?"

வாலு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் கையால் தைக்கிறேன் என்றது அவள் மனசைத் தொட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"சரி சித்தி. உங்க இஷ்டம். ஆனா அந்தக் கீழ் மூலையில மட்டும்..."

"மூலையெல்லாம் எனக்குத் தெரியும். நீ பிறக்கறதுக்கு முன்னாடியே ஊசி பிடிச்சவ நான். கிளம்பு, உனக்கு மணி ஆகுது."

அவளும் கிளம்பினாள். காது கொடுத்துக் கேட்க எனக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்திருக்கும். அந்த அரை நிமிஷத்தைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கையால் போர்வை தைக்கும்போது, நிஜத் தையலுக்கு முன்னால் மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க நீள நீளமாக ஒரு தையல் போடுவோம். கச்சாத் தையல் என்போம். தடித்த வெள்ளை நூல், விரல் நீளத்துக்கு ஒரு தையல். நிஜத் தையல் போட்டுக்கொண்டே வர வர, கச்சாவை உருவிக்கொண்டே வருவோம். அதன் முடிச்சு எப்போதும் துணிக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். வெட்டி இழுத்தால் வந்துவிட வேண்டும், அதற்காக. நிஜத் தையலின் முடிச்சு அப்படி இல்லை. நூலைச் சுண்டி இழுத்தால் முடிச்சு 'டுக்' என்று துணிக்குள் புகுந்து பஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உள்முடிச்சு என்போம். வெளியே முடிச்சு என்றால் போகப்போகிற தையல், உள்ளே முடிச்சு என்றால் இருக்கப்போகிற தையல். தையல் வகுப்பின் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி.

மறுநாளே பெரிய மெஷினை ஒரு பழைய விரிப்பால் மூடினேன். கடை திறந்ததிலிருந்து மதியம் வரைக்கும் அக்காவின் போர்வை, மதியத்துக்கு மேல்தான் மற்றவர்கள் வேலை என்று வைத்துக்கொண்டேன். வந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். முதல் வாரம் என் இடது விரல் சல்லடையானது. இரண்டாவது வாரம் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தைத்தேன், ஊசி குத்துவது தெரியவில்லை, தையல் பிசகியது. பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தேன். மூன்றாவது வாரம் குத்து பழகிப்போனது. அப்போதுதான் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு தையலும் விரலில் ஒரு சின்னச் சேதி மாதிரி வந்து சேர்கிறது. சேர்ந்தேன், சேர்ந்தேன், சேர்ந்தேன் என்கிறது. மெஷினில் நான் ஒரு நாளும் ஒரு தையலைத் தனியாகப் பார்த்ததில்லை.

பத்துக்குக் குறையாமல் தைத்தேன். ஒரு அங்குலத்துக்கு ஒன்பது வந்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தேன். கல்யாண வீட்டில் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு தைத்தேன். வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஜென்மம் நான். ஊசியாலாவது கேட்போம் என்றிருந்தேன். சில காலைகளில் அவள் எதிரே உட்கார்ந்து, "பரவாயில்லையே, விரல் முளைச்சிடுச்சு போலிருக்கே உனக்கு" என்று சொல்வது போலிருக்கும். அந்த மூன்று மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இருந்தேன்.

கீழ் மூலைக்குக் கடைசியாக வந்தேன். அங்கே கச்சாத் தையல் ஒழுங்கில்லாமல் கிடந்தது. மற்ற இடங்களில் கட்டம் கட்டமாக நேராகப் போன அதே தடித்த வெள்ளை நூல், இங்கே மட்டும் கோணலும் மாணலுமாக, ஒரு தையல் நகத்தளவு, அடுத்தது விரலளவு என்று வளைந்து வளைந்து போயிருந்தது. ஒரு நூலின் நுனி வெட்டாமல் ஒரு முழத்துக்குத் தொங்கியது. உடம்பு முடியாத நேரத்தில் பிரிந்த இடத்தைத் திரும்பக் கச்சா போட்டிருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். கத்திரியை எடுத்து உருவ ஆரம்பித்தேன். நூல் சுலபத்தில் வரவில்லை. ஒவ்வொன்றும் கடைசியில் எதிலோ சிக்கி நின்றது. இழுத்தால் 'டுக்' என்று பஞ்சிலிருந்து ஒரு முடிச்சு வெளியே வந்தது.

கச்சாவுக்குப் போய் உள்முடிச்சு போடுவார்களா? "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று அவளை வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே அடுத்ததை இழுத்தேன். முப்பது வருஷ அனுபவம் அந்த 'டுக்'கைக் கேட்டது, கேட்டும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் உருவி, வழக்கம்போல நூல்துண்டு போடுகிற கண்ணாடி ஜாடியில் போட்டேன். குண்டூசித் தலையணைக்குள் அடைப்பதற்கு அது உதவும். பிறகு அந்த மூலையை அங்குலத்துக்குப் பத்து என்று அச்சடித்த மாதிரி தைத்து முடித்தேன்.

பின்பக்கத் துணியில், அதே மூலையில், கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளிகள் இருந்தன. ரத்தம். தைக்கிறவர்கள் வீட்டில் இது சகஜம். சொந்த ரத்தமென்றால் சொந்த எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். இன்னொருவர் ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீரும் உப்பும். உப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தேன். பின்னர் தையலுக்காக வரைந்த சாக்குக் கட்டிக் கோடுகள் போவதற்காக முழுப் போர்வையையும் நனைத்து அலசி, நிழலில் உலர்த்தினேன். தண்ணீர் பட்டதும் பருத்தித் துணியில் பழைய ஊசித் துளைகள் மூடிக்கொண்டுவிடும். பிரித்த இடம் எது என்று தைத்தவர்களுக்கே தெரியாது.

நேற்று சாயங்காலம் பள்ளி விட்டதும் வாலு வந்தாள். மேசை முழுக்க விரித்து வைத்திருந்தேன். அக்கா விட்ட இடம் எது, நான் தொடர்ந்த இடம் எது என்று கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் மேலே எங்கேயும் பார்க்கவில்லை. நேராகக் கீழ் மூலைக்குப் போனாள். விரலால் தடவினாள். குனிந்து பார்த்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். எதிர் மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி இங்கே வந்தாள்.

"சித்தி, அம்மாவோட தையல் எங்கே?"

"இதோ, இங்கேருந்து இது வரைக்கும் அவ. இதுக்கப்புறம் நான். தெரியலையில்ல?"

"அது இல்ல. இந்த மூலையில இருந்தது. பெரிய பெரிய தையலா."

"அது கச்சாடி. அதை உருவிடணும்."

"அது கச்சா இல்ல சித்தி."

அவள் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"மருந்துல அம்மாவுக்குக் கை மரத்துப் போச்சு. ரெண்டு கையும். சின்ன ஊசியைப் பிடிக்க முடியல, மெல்லிசு நூல் கண்ணுக்குத் தெரியல. அதான் கச்சா நூலையே எடுத்துக்கிட்டாங்க. அடியில விரல்ல குத்தினா தெரியல. அதனால ஒரு தையல் போடுவாங்க, கையை வெளிய எடுத்துப் பார்ப்பாங்க. ரத்தம் வந்திருந்தா ஊசி வந்துடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் அடுத்த தையல்."

வாலு அந்த மூலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு மறுநாள்தான் இந்த மூலையை ஆரம்பிச்சாங்க. தினமும் ஒரு நூல். சில நாள் அதுவும் முடியாது. வேண்டாம்மான்னு சொன்னா கேட்க மாட்டாங்க. தைச்சுட்டுப் பார்த்துச் சிரிப்பாங்க. 'உன் சித்தி பார்த்தா என்ன சொல்லுவா தெரியுமா, என் மெஷின் தூங்கிக்கிட்டே தைச்சாக்கூட இதைவிட நல்லா தைக்கும்பா' அப்படின்னு. கடைசியா முடியாமப் போனப்போ என்கிட்ட குடுத்துட்டாங்க. 'மீதியை அவ போடட்டும். மெஷின்லயே போடட்டும். என் தையலும் இருக்கட்டும், அவ தையலும் இருக்கட்டும், ஒரே போர்வையில' அப்படின்னாங்க."

எண்ணெய் போடறியா என்று அவள் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் குத்திக்காட்டவில்லை. கைகளைப் போர்வைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, மீதிப் போர்வைக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ ஏண்டி சொல்லல?" என்றேன். கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சொல்ல வந்தவளின் வாயை இரண்டு தடவை அடைத்தவள் நான்.

வாலு அதைச் சொல்லிக்காட்டவில்லை. மூலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"நான் போட்டதைப் பிரிச்சுடறேன்" என்றேன். "இந்த மூலை, கீழ்ப்பக்கம், நான் போட்டது அத்தனையையும் பிரிச்சுடறேன். அவ சொன்ன மாதிரி மெஷின்ல போடறேன். நாளைக்கே போட்டுடறேன் வாலு. அவ தைச்ச மாதிரியே அந்த மூலையில நீளமா..."

"நீங்க போட்டா அது அம்மா போட்டதாகுமா?"

பிரிக்க எடுத்த கத்திரியைக் கீழே வைத்தேன்.

"பிரிச்சது போதும் சித்தி."

போர்வையை மடித்தாள். நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்று திரும்பினாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருப்பாள். அவள் சுபாவம் அது.

"ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க. அம்மா தைச்ச மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் போனபிறகு கடையை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டேன். சாவி செய்கிறவர் கதவைத் தட்டி ஏதோ கேட்டார், நான் திறக்கவில்லை. பிறகு ஜாடி ஞாபகம் வந்தது.

மேசையின் மேல் கவிழ்த்தேன். சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று மாத நூல் குப்பை. அதிலிருந்து தடித்த வெள்ளை நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவற்றிலும் பெரிய இரட்டை முடிச்சு உள்ளதெல்லாம் கச்சா, ஒதுக்கினேன். சின்னதாக, இறுக்கமாக, ஒற்றை முடிச்சு உள்ளதெல்லாம் அவளுடையது. மரத்துப்போன கையால் அந்த முடிச்சை எப்படிப் போட்டாளோ. பதினொன்று கிடைத்தன.

பதினொன்றையும் மேசையின் மேல் வரிசையாக வைத்தேன். துணியிலிருந்து உருவிய நூல் உடனே நேராகிவிடாது. ஊசி இறங்கிய இடத்தில் ஒரு மடிப்பு, ஏறிய இடத்தில் ஒரு மடிப்பு என்று அது பட்டதை எல்லாம் வைத்துக்கொண்டிருக்கும். முதல் நூலில் மடிப்புகள் நகத்தளவு இடைவெளியில், ஓரளவு ஒழுங்காக இருந்தன. நான் வந்துபோன மறுநாள் தைத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்றவற்றில் இடைவெளி கூடிக்கொண்டே போனது. விரல்நுனியால் ஒவ்வொரு மடிப்பாகத் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு மடிப்புக்கு அவள் ஒரு தடவை கையை வெளியே எடுத்து ரத்தம் பார்த்திருக்கிறாள். நான் அதை உப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன். எத்தனை வருஷம் எது நிஜப் போர்வை என்று அவளோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அவள் ஒன்றைத் தைத்து என் கையில் கொடுத்தபோது எனக்கு அது தையலாகவே தெரியவில்லை.

கடைசி நூலை எடுத்தேன். அதில் மூன்றே மூன்று மடிப்பு. அதற்கப்புறம் ஒரு முழ நூல் சுருக்கமே இல்லாமல் நேராக இருந்தது. என் பங்குக்கு அவள் விட்டுவைத்திருந்த நூல்.